பெயரோடு கேட்போம்



ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஸ்கை என்றொரு தீவு. அங்கே கூலின் மலைமுகடு. கரும்பாறை, காலடி வைக்க மட்டுமே இடம், இரண்டு பக்கமும் பாதாளம். அதன்மேல் ஓர் இளைஞர் சைக்கிள் ஓட்டிப் போகிறார். 2014 அக்டோபரில் யூடியூபுக்கு வந்த 'தி ரிட்ஜ்' என்ற அந்த வீடியோவைக் கோடிக்கணக்கான முறை பார்த்திருக்கிறார்கள். உங்கள் கைபேசிக்கும் யாராவது அனுப்பியிருக்கலாம். ஓட்டியவர் டேனி மக்காஸ்கில், அந்தத் தீவுக்காரர். சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு செங்குத்துப் பாறையில் அவர் ஏறும்போது பார்ப்பவர்களுக்கு அடிவயிறு கலங்கும். அந்தக் கலக்கத்தில் பின்னணிப் பாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. மின்னிசைக்கு நடுவே ஒரு பெண் பாடுகிறார். அடித்தொண்டையிலிருந்து எழுகிற, எந்தப் பாட்டு வகுப்பிலும் தேய்த்து மெருகேற்றப்படாத குரல்.

அந்தக் குரலுக்குரியவர் லிஸி ஹிக்கின்ஸ். அபர்டீன் துறைமுக நகரத்தில் மீன் அரியும் வேலை பார்த்தவர். 1929இல் பிறந்து 1993இல் இறந்துபோனார். தன் பாட்டை இத்தனை கோடிப் பேர் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. கேட்ட கோடிப் பேரில் எத்தனை பேர் அவர் பெயரைத் தேடிப் போயிருப்பார்கள் என்பது வேறு கேள்வி. இந்த மாதம் ஆசிரியர் பக்கத்தை அந்தக் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஸ்காட்லாந்து என்றால் நம் வாசகர்களுக்கு ராபர்ட் பர்ன்ஸ் தெரியும். வால்டர் ஸ்காட், 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சன், எடின்பரோவில் பிறந்த கோனன் டாயில் ஆகியோரும் பழைய நண்பர்கள். இவர்களுக்குப் பின் வரிசையில் நிற்கிறவர்களைத் தேடிப் படிப்பதும் கேட்பதும் கொஞ்ச காலம் முன்புவரை பெரும்பாடாக இருந்தது. இப்போது அவர்களில் பலர் ஆன்லைன் வீடியோக்களில் கிடைக்கிறார்கள். கிடைக்கிறார்கள் என்றேனே தவிர, தானாக வந்து முன்னால் நிற்பதில்லை. 'ஸ்காட்லாந்து இசை' என்று தேடினால் யூடியூப் முதலில் நீட்டுவது பனிமூட்டக் கோட்டைப் படத்தோடு எட்டு மணி நேரம் ஓடும் 'செல்டிக் தூக்க இசை'தான். யார் வாசித்தது, யார் இசையமைத்தது, எந்த ஊர், எந்த ஆண்டு, ஒன்றும் இருக்காது. தூக்கம் வருகிறது என்பதை மறுக்கமாட்டேன்.

லிஸியிடம் திரும்புவோம். அவருடைய குடும்பம் ஸ்காட்லாந்தில் 'டிராவலர்கள்' என்று அறியப்படும் நாடோடி மரபைச் சேர்ந்தது. தகரப் பாத்திரம் செய்வது, குதிரை வியாபாரம், ஆற்றில் முத்து எடுப்பது, பருவத்துக்குப் பருவம் பண்ணைக் கூலி என்று கூடாரமடித்து அலைந்தவர்கள். ஊர்க்காரர்கள் அவர்களை இழிவாகப் பேசினார்கள்; போலீஸ் விரட்டியது. ஆனால் பல நூறு ஆண்டுப் பழைய கதைப்பாடல்களை முப்பது நாற்பது சரணங்களோடு மனப்பாடமாக வைத்திருந்தவர்களும் அவர்கள்தான். லிஸியின் தாய் ஜீனி ராபர்ட்சன் அப்படிப்பட்டவர்.

1953இல் ஹேமிஷ் ஹெண்டர்சன் என்ற கவிஞர் பாட்டு தேடி அபர்டீனுக்கு வந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951இல் தொடங்கப்பட்ட ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளிக்காக ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் கதையும் பதிவு செய்வது அவர் வேலை. சந்தையில் விசாரித்தபோது கேலோகேட் பகுதியில் இருக்கும் ஜீனியைப் பாருங்கள் என்றார்கள். கதவைத் திறந்த ஜீனிக்கு இந்த நெட்டை மனிதரை உள்ளே விட விருப்பமில்லை. ஹெண்டர்சன் வாசலில் நின்றபடியே ஒரு பழங்கதைப்பாடலை எடுத்து விட்டார். அதில் பிழை இருந்தது. பிழையோடு ஒரு பாட்டைப் போகவிட ஜீனிக்கு மனம் வரவில்லை. உள்ளே வாருங்கள், சரியாக எப்படிப் பாடுவது என்று நான் காட்டுகிறேன் என்று அழைத்துவிட்டார். அந்த வட்டாரத்தில் இப்படித்தான் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். ஹெண்டர்சன் வேண்டுமென்றே தப்பாகப் பாடியிருப்பார் என்பது என் சந்தேகம். அவ்வளவு கெட்டிக்காரர்.

அதற்குப் பிறகு ஜீனியின் பாட்டு ஒலிநாடாக்களிலும் இசைத்தட்டுகளிலும் ஏறியது. அமெரிக்கப் பாட்டுச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸும் அவரைப் பதிவு செய்தார். 1968இல் அரசு விருது கிடைத்தது. முன்பு போலீஸ் விரட்டிய கூட்டத்தைச் சேர்ந்த அம்மாளுக்கு மகாராணியின் பதக்கம். மகள் லிஸி அம்மாவின் நிழலில் ஒதுங்கியே இருந்தார். மேடைக்கு வந்தது முப்பத்தெட்டு வயதளவில்தான். தந்தை டொனால்ட் ஹிக்கின்ஸ் பேக்பைப் வாசிப்பவர். அதனால் லிஸியின் பாட்டில் விழும் பிர்காக்களும் அசைவுகளும் பேக்பைப் வாசிப்பிலிருந்து வந்தவை என்று அறிந்தவர்கள் சொல்வார்கள். அம்மாவையும் மகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அம்மா கதை சொல்கிறார். பாட்டில் வரும் ஆட்கள் கண்முன் நடக்கிறார்கள். மகள் ராகத்துக்குள் இறங்கிவிடுகிறார், கதை கொஞ்சம் காத்திருக்கிறது. எனக்கு மகள்தான் ஒரு படி மேல். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

சைக்கிள் வீடியோவுக்குள் இந்தக் குரல் எப்படி வந்தது? அதற்கு மார்ட்டின் பென்னட்டைச் சொல்லியாக வேண்டும். 1971இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்து சிறுவயதிலேயே ஸ்காட்லாந்துக்கு வந்தவர். தாய் மார்கரெட் பென்னட் பாடகி, நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்; ஹெண்டர்சன் பணிசெய்த அதே ஆய்வுப் பள்ளியில் இருந்தவர். ஆக, மார்ட்டினுக்கு அந்த ஒலிநாடாக்களின் உலகம் குழந்தையிலிருந்தே பழக்கம். பேக்பைப், பிடில் இரண்டும் கைவந்தவை. முறையான செவ்வியல் பயிற்சியும் உண்டு. தொண்ணூறுகளில் எடின்பரோ, கிளாஸ்கோ நடனக்கூடங்களில் அதிர்ந்த மின்னிசையோடு பேக்பைப்பைச் சேர்த்தார். பழைமைவாதிகள் முகம் சுளித்தார்கள். இளைஞர்கள் ஆடினார்கள்.

2000இல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைகள் உடம்பை உருக்கிவிட்டன. வாத்தியத்தைப் பிடித்து வாசிக்கும் வலு போயிற்று. ஒருநாள் ஆத்திரத்தில் தன் வாத்தியங்களையெல்லாம் உடைத்துப் போட்டுவிட்டார். அதன் பிறகு செய்ததுதான் 2003இல் வந்த 'கிரிட்' என்ற தொகுப்பு. தன்னால் வாசிக்க முடியாததால், இறந்துபோன, முதுமையடைந்த டிராவலர் பாடகர்களையும் கேலிக் மொழிப் பாடகர்களையும் பழைய பதிவுகளிலிருந்து எடுத்து, அவர்களைச் சுற்றி இசையைக் கட்டினார். லிஸியின் பாட்டு அதில் 'பிளாக்பேர்ட்' என்ற உருப்படியானது. முதல் உருப்படியில் ஷீலா ஸ்டூவர்ட்டின் குரல். 1982இல் கிளாஸ்கோவுக்கு வந்த போப் இரண்டாம் ஜான் பால் முன்னிலையில் டிராவலர் மக்கள் சார்பாகப் பாடியவர் இவர். பாடியது எதை? தங்கிய இடத்திலிருந்தெல்லாம் விரட்டப்படுவதைப் பற்றிய ஒரு பாட்டை. போப்புக்கு எதிரே நின்று அதைப் பாட ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

மார்ட்டின் 2005 ஜனவரியில், முப்பத்துமூன்று வயதில் காலமானார். பத்தாண்டு கழித்து, 2015 ஜனவரியில், கிளாஸ்கோவின் 'செல்டிக் கனெக்ஷன்ஸ்' விழாவைத் தொடங்கி வைத்தது அவருடைய இசைதான். கணினியில் அடுக்கடுக்காகச் செய்யப்பட்ட 'கிரிட்' முழுவதையும் வயலின் கலைஞர் கிரெக் லாசன் உயிருள்ள மனிதர்கள் வாசிக்கும்படி எழுதி எடுத்தார். செவ்வியல் கலைஞர்கள், ஜாஸ் கலைஞர்கள், கிராமத்துப் பிடில்காரர்கள் என்று எண்பது பேருக்குப் பக்கத்தில் மேடையில். 'கிரிட் ஆர்கெஸ்ட்ரா' என்று தேடினால் வீடியோக்கள் வரும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். கைபேசி ஸ்பீக்கரில் கேட்பது அந்த எண்பது பேருக்கும் செய்யும் அநியாயம்.

எழுத்தாளர்கள் எங்கே என்று கேட்பீர்கள். மார்ட்டினின் இசைக்குள்ளேயே ஒருவர் இருக்கிறார். 1997இல் வந்த 'பாத்தி கல்ச்சர்' தொகுப்பில், சோர்லி மக்லேன் என்ற கவிஞர் தன் 'ஹல்லைக்' கவிதையைத் தானே வாசிக்கும் பதிவு இசையோடு கலந்து வருகிறது. சோர்லி 1911இல் ராசே என்ற சிறு தீவில் பிறந்தார். கேலிக்கில் எழுதினார். 2011 கணக்கெடுப்பின்போது அந்த மொழியைப் பேசியவர்கள் ஸ்காட்லாந்தில் சுமார் 57,000 பேர்தான். இரண்டாம் உலகப் போரில் எல் அலமெய்ன் களத்தில் கண்ணிவெடியில் அடிபட்டுத் திரும்பி, பிளாக்டன் என்ற ஊரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார். ஹல்லைக் என்பது ராசேயில் இருந்த ஒரு கிராமம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆடு வளர்த்தால் லாபம் அதிகம் என்று நிலக்கிழார்கள் குடியானவர்களைக் கூண்டோடு வெளியேற்றியபோது காலியானது. 1954இல் வெளிவந்த அந்தக் கவிதையில், கிராமத்துப் பெண்கள் மரங்களாக நிற்கிறார்கள். சோர்லி படிக்கும் வீடியோக்களும் உண்டு. மொழி தெரியாவிட்டால் என்ன, முதல் முறை கண்ணை மூடிக்கொண்டு ஓசையை மட்டும் கேளுங்கள். இழுத்து இழுத்து, ஏறக்குறையப் பாட்டாகவே சொல்கிறார். அடுத்த முறை ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

கவிஞர்கள் தங்கள் கவிதையைத் தாங்களே படிக்கும் பதிவுகள் வேண்டுமென்றால் எடின்பரோவில் உள்ள ஸ்காட்டிஷ் கவிதை நூலகத்தின் சேனலுக்குப் போகலாம். 1984இல் அதைத் தொடங்கியவர் டெஸ்ஸா ரான்ஸ்ஃபர்ட், மும்பையில் பிறந்த கவிஞர்.

ஹெண்டர்சனும் கவிஞர்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வட ஆப்பிரிக்கப் போர்க்களத்தில் இறந்துபோன இரு தரப்பு வீரர்களுக்காகவும் அவர் எழுதிய இரங்கற்பாக்கள் 1948இல் நூலாயின. இத்தாலியச் சிந்தனையாளர் கிராம்ஷியின் சிறைக் கடிதங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். எடின்பரோவில் 'சாண்டி பெல்ஸ்' என்ற மதுக்கடையில் மாலைதோறும் பாட்டும் பேச்சுமாக உட்கார்ந்திருப்பார்; அதுதான் அவர் நடத்திய உண்மையான வகுப்பறை என்று சொல்கிறவர்கள் உண்டு. 1960இல் அவர் எழுதிய 'ஃப்ரீடம் கம் ஆல் யே' என்ற பாட்டு, சாம்ராஜ்யத்துக்காக அடியாள் வேலை பார்த்த தம் நாட்டுப் படைவீரர்களின் வரலாற்றை நேருக்கு நேர் பார்த்துக் கேள்வி கேட்கிறது. இதையே ஸ்காட்லாந்தின் தேசிய கீதமாக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது.

இன்னொரு கூட்டம் வேறு பாட்டைச் சொல்கிறது. அது மைக்கேல் மாரா எழுதிய 'ஹெர்ம்லெஸ்'. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத, நூலகம், வீட்டுச் சாப்பாடு என்று இருக்கிற ஓர் அப்பாவியின் பாட்டு. உலகத்துத் தேசிய கீதங்களெல்லாம் ரத்தமும் வாளும் வெற்றியுமாக முழங்கும்போது, தொந்தரவே தராத ஒரு மனிதனை ஒரு நாடு தன் கீதமாக வைத்துக்கொண்டால் எப்படியிருக்கும்? வேடிக்கையாகச் சொல்லப்பட்ட யோசனைதான். எனக்கென்னவோ வேடிக்கையாகத் தோன்றவில்லை.

மாரா 1952இல் டண்டீ நகரத்தில் பிறந்து 2012இல் மறைந்தார். வங்காளத்துச் சணலை நெய்து பிழைத்த ஆலை நகரம் அது. கரகரவென்ற குரல், ஒரு பியானோ, மேசைமேல் ஏதாவது ஒரு பொம்மை அல்லது விளக்கு, அவ்வளவுதான் அவர் கச்சேரி. பெரிய மனிதர்கள் சின்ன ஊருக்கு வந்து போவது அவருக்குப் பிடித்தமான கரு. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி கிராண்ட் 1877இல் டண்டீயின் புதிய பாலத்தைப் பார்க்க வந்தது உண்மை. அது ஒரு பாட்டு. 1981இல் மொனாக்கோ அணியோடு நடந்த கால்பந்துப் போட்டிக்காக அந்நாட்டு இளவரசி கிரேஸ் கெல்லி டண்டீ மைதானத்துக்கு வந்ததும் உண்மை; அதையும் பாட்டாக்கினார், ஆனால் பாட்டின் நாயகர் உள்ளூர் கோல்கீப்பர்! ஓவியர் ஃப்ரிடா காலோ டண்டீயின் 'டே பிரிட்ஜ் பார்' மதுக்கடைக்குள் நுழைவதாக ஒரு பாட்டு; இது முழுக்கக் கற்பனை. முதல் இரண்டையும் கேட்ட பிறகு இதையும் நம்பிவிடத் தோன்றும். டண்டீ வட்டார மொழியில் பாடுவதால் பாதி வார்த்தை பிடிபடாது. நல்ல மனம் கொண்ட யாரோ சில வீடியோக்களுக்குக் கீழே பாட்டின் பின்னணியை எழுதி வைத்திருக்கிறார்கள். மார்ட்டின் பென்னட்டின் 'கிரிட்'டிலும் மாரா இருக்கிறார்: பைபிளின் சங்கீதம் ஒன்றை அந்தக் கரகரக் குரலில் படிக்கிறார்.

ஐவர் கட்லரைப் பற்றிச் சொல்லும்முன் ஓர் எச்சரிக்கை: இவர் எல்லாருக்கும் ஒத்துவர மாட்டார். 1923இல் கிளாஸ்கோவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். போர்க்காலத்தில் விமானப்படையில் வழிகாட்டிப் பயிற்சிக்குச் சேர்ந்து, கனவு கண்டுகொண்டிருக்கிறார் என்று வெளியே அனுப்பப்பட்டார். பிறகு பள்ளி ஆசிரியர். பிள்ளைகளை அடிக்கத் தோல்வார் வைத்திருப்பது அன்றைய ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் வழக்கம். வேலையை விட்ட நாளில் அந்த வாரைத் துண்டு துண்டாக வெட்டி மாணவர்களுக்கே பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார். லண்டனுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குழந்தைகளுக்கு இசையும் நாடகமும் சொல்லிக் கொடுத்தார். இடையிடையே ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல், அபத்தமான குட்டிப் பாட்டுகளும் கதைகளும் சொன்னார். பீட்டில்ஸ் குழுவின் 1967ஆம் ஆண்டுப் படமான 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்'இல் பஸ்ஸில் வரும் விசித்திர ஆசாமி இவர்தான். 'லைஃப் இன் எ ஸ்காட்ச் சிட்டிங் ரூம்' தொகுப்பில் வறுமையும் கண்டிப்பும் நிறைந்த ஒரு ஸ்காட்லாந்துப் பிள்ளைப்பருவத்தை அவர் சொல்லும் விதத்தில், சிரித்து முடித்த பிறகுதான் வலி தெரியும். 2006இல் காலமானார்.

இனி மார்கரெட் டெய்ட். இந்தப் பக்கத்தில் ஒரே ஒருவரைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது இவரைத்தான். 1918இல் ஆர்க்னி தீவுகளின் கிர்க்வாலில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்து, இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இந்தியா, இலங்கை, மலாயா என்று நம் பக்கமெல்லாம் பணியாற்றினார். போர் முடிந்து திரும்பியவர், முப்பது வயதுக்கு மேல் ரோமுக்குப் போய்த் திரைப்படக் கல்வி கற்றார். ஊருக்குத் திரும்பி, மருத்துவ வேலையில் வந்த பணத்தில், 16 எம்எம் கேமராவோடு தனியாகவே படம் எடுத்தார். கவிதை நூல்களையும் தாமே அச்சிட்டார். வினியோகஸ்தர் கிடையாது, பெரும்பாலும் மானியமும் கிடையாது, விமர்சகர் கூட்டம் கிடையாது. நாற்பது ஆண்டுகள் இப்படியே. 1992இல் 'புளூ பிளாக் பெர்மனென்ட்' என்ற முழுநீளப் படம் வந்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஸ்காட்லாந்துப் பெண் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளக் கதைப்படம் அதுதான் என்கிறார்கள்.

1952இல் எடுத்த 'எ போர்ட்ரெய்ட் ஆஃப் கா' என்ற அவருடைய குறும்படம் ஐந்து நிமிடம்கூட ஓடாது. தன் தாயைப் படமெடுத்திருக்கிறார். அந்த அம்மாள் ஆர்க்னியின் காற்றில் நடக்கிறார், சிகரெட் பிடிக்கிறார், விரல்களால் மிட்டாய்க் காகிதத்தைப் பிரிக்கிறார். கதை இல்லை, பேட்டி இல்லை. ஆனால் பார்த்து முடித்ததும் அந்த அம்மாளோடு ஒரு மாதம் பழகியது போலிருக்கும். கவிஞர் ஹியூ மக்டயர்மிட் பற்றிய படத்தையும் (1964) விடாதீர்கள். ஸ்காட்லாந்து இலக்கியத்தின் மகா கோபக்காரராகப் பேரெடுத்த முதியவரை, நடைபாதை விளிம்பில் சிறுவன் மாதிரி நடக்கவிட்டிருக்கிறார் டெய்ட். அவர் சொன்னதற்குக் கோபக்காரரும் இணங்கியிருக்கிறார்!

இவை ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் திரைக் காப்பகத் தளத்தில் கிடைக்கின்றன. அங்கே போனால் ஜென்னி கில்பர்ட்சனையும் தேடுங்கள். 1930களின் தொடக்கத்தில் ஷெட்லாந்துத் தீவுகளில் தனியாகக் கேமரா தூக்கிச் சென்று, உழுகிறவர்களையும் மீன்பிடிப்பவர்களையும் ஓராண்டுப் பருவச் சுழற்சியோடு படமெடுத்த பெண். பிறகு பல ஆண்டுகள் ஆசிரியர் வேலை. எழுபது வயதைத் தாண்டியபின் கனடாவின் ஆர்க்டிக் பகுதிக்குப் போய் இனுயிட் மக்களைப் படமெடுத்தார். ஓய்வு பெற்ற வாசகர்கள் கவனிக்க.

ஷெட்லாந்து என்றதும் பிடில். அங்கே டாம் ஆண்டர்சன் (1910–1991) காப்பீட்டு முகவராக வீடு வீடாகப் போனார். போன வீட்டிலெல்லாம் பிரீமியத்தோடு பழைய மெட்டுகளையும் வசூலித்தார். பின்னாளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிடில் கற்றுக் கொடுத்தார். இன்று உலக மேடைகளில் வாசிக்கும் அலி பெய்ன் அவருடைய மாணவர். 1969இல், மனைவியை இழந்திருந்த நாட்களில், ஓர் இரவு தன் சொந்த ஊரை விட்டுக் கிளம்பும்போது குன்றின் மேலிருந்து திரும்பிப் பார்த்தார் டாம். சிறுவயதில் பார்த்த அளவுக்கு வீடுகளில் விளக்குகள் இல்லை. இருந்தவையும் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்த இரவு தந்த மெட்டு 'டா ஸ்லாக்கிட் லைட்'. ஜனங்கள் வெளியேறிக்கொண்டிருந்த ஒரு தீவின் வரலாறு அதில் இருக்கிறது. அலி பெய்ன் வாசிப்பதையும் கேளுங்கள், யாரென்று தெரியாத பள்ளிச் சிறுமிகள் வாசித்து ஏற்றியிருப்பதையும் கேளுங்கள். கற்றுக் கொடுத்தவருக்கு இரண்டாவதுதான் அதிகம் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே தீவுகளில் 'பீரி வில்லி' ஜான்சன் என்ற கிட்டார்காரர் இருந்தார். அமெரிக்க ஜாஸை வானொலியில் கேட்டுக் கேட்டு, அந்தச் சுருதிக்கோப்புகளைக் கிராமத்துப் பிடில் மெட்டுக்கு அடியில் போட்டுவிட்டார். இன்று 'பாரம்பரிய ஷெட்லாந்துப் பாணி' என்று சொல்லப்படுகிற கிட்டார் வாசிப்பு பெரும்பாலும் அவர் வானொலிப் பெட்டியிலிருந்து பிறந்தது.

லிஸியைப் போலவே பேர் தொலைந்து கேட்கப்படுகிற இன்னொருவர் உண்டு. ஏசி/டிசி குழுவின் 'தண்டர்ஸ்டரக்' என்ற ராக் பாட்டைப் பேக்பைப்பில் வாசிக்கும் வீடியோக்கள் கணக்கில்லாமல் கிடைக்கின்றன. நெருப்புக் கக்கும் பேக்பைப்போடுகூட ஒருவர் வாசிக்கிறார். அந்தப் பாட்டைப் பேக்பைப்புக்குக் கொண்டுவந்தவர் பெர்த்ஷயர் பகுதியைச் சேர்ந்த கார்டன் டங்கன் (1964–2005). குப்பை வண்டியில் வேலை பார்த்தவர். பேக்பைப் என்ற வாத்தியத்தில் ஒன்பது சுரங்கள்தான் உண்டு. அதற்குள் இருந்துகொண்டு, விரல்களின் வேகத்தாலும் சுரங்களை வளைப்பதாலும் அவர் செய்த காரியங்கள் அதுவரை யாரும் செய்யாதவை. மரபைக் காத்த ஒரு பெரிய மனிதர் அவர் வாசிப்பைக் கேட்டு, இதுதான் பேக்பைப் என்றால் நான் பிடிலுக்குப் போய்விடுகிறேன் என்ற தோரணையில் ஏதோ சொன்னாராம். டங்கன் தன் முதல் தொகுப்புக்கு அந்தப் பெரியவரின் பெயரையே வைத்து மரியாதை செய்துவிட்டார் என்று பேக்பைப் வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. நெருப்பு வீடியோவைப் பார்த்தவர்கள் ஒருமுறை டங்கன் வாசிப்பதையும் பாருங்கள். நெருப்பு எதற்கு என்று தோன்றிவிடும்.

ஜெஸ்ஸி கெஸனைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை, பக்கம் தீர்ந்துகொண்டிருக்கிறது. 1916இல் இன்வர்னெஸ் ஏழை விடுதியில் பிறந்து, அநாதை இல்லத்தில் வளர்ந்து, பண்ணைத் தொழிலாளியின் மனைவியாக இருந்தவர். ரயிலில் தற்செயலாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி எழுதச் சொல்லித் தூண்டினார். அந்தப் பெண்மணி நேன் ஷெப்பர்ட், பின்னாளில் ஸ்காட்லாந்தின் ஐந்து பவுண்டு நோட்டில் முகம் ஏறிய எழுத்தாளர். கெஸனின் முகம் எந்த நோட்டிலும் இல்லை. 1958இல் வந்த 'தி ஒயிட் பேர்ட் பாசஸ்' அவருடைய பிள்ளைப்பருவத்திலிருந்து எழுந்த நாவல். வீடியோவைவிடப் புத்தகமாகத் தேடுங்கள் என்பதே என் யோசனை.

முடிக்குமுன், ஹெண்டர்சனும் அவர் தோழர்களும் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு பதிவோடும் பாடியவர் பெயர், ஊர், தேதி, யாரிடம் கற்றார் என்ற விவரம் ஆகியவற்றைக் குறித்து வைத்தார்கள். பாட்டிமாரின் பெயர்களைக்கூட விடவில்லை. அந்த ஒலிநாடாக்களும், கன்னா தீவில் சேர்த்து வைக்கப்பட்டவையும், பிபிசியின் சில பதிவுகளும் 2010 முதல் 'டோபர் அன் டூல்ஹைஷ்' என்ற இணையதளத்தில் இலவசமாகக் கேட்கக் கிடைக்கின்றன. வீடியோ அல்ல, ஒலி மட்டும். பெயரைத் தட்டினால் குரல் வரும். ஊரைத் தட்டினால் அந்த ஊரில் பாடியவர்கள் எல்லாரும் வருவார்கள். மார்ட்டின் பென்னட்டால் லிஸியின் பாட்டைப் புதிதாக்க முடிந்ததற்கு, யாரோ எப்போதோ கவனமாகப் பதிந்து வைத்ததும் ஒரு காரணம். 'தி ரிட்ஜ்' வீடியோவுக்குக் கீழே மார்ட்டின் பெயர் இருக்கிறது. அங்கிருந்து ஒரு படி உள்ளே போனால் லிஸி. அதற்கும் உள்ளே ஜீனி. ஒரு படிக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

எந்த வரிசையில் பார்ப்பது என்று கேட்டு எழுதுவீர்கள் என்பதால் முன்கூட்டியே: முதலில் டெய்ட்டின் தாய், அடுத்து மாராவின் 'ஹெர்ம்லெஸ்', பிறகு லிஸி. மற்றவை உங்கள் விருப்பம். யாரைப் பிடித்தது, யாரைப் பிடிக்கவில்லை என்று அஞ்சலட்டையிலோ மின்னஞ்சலிலோ இரண்டு வரி எழுதிப் போடுங்கள், அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். ஐவர் கட்லர் பிடிக்கவில்லை என்றும் தாராளமாக எழுதலாம். எங்கள் அலுவலகத்திலேயே பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. மீதிப் பேர் ஆர்மோனியம் வாங்கவேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்